வளையும் வழியும்

கணிப்பொறி விளையாட்டு வீண்பொழுது என்பார் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. 1979இல் டோக்கியோ பல்கலைக்கழக மாணவர்கள் ஆக்கிய 'ஹெய்யான்கியோ ஏலியன்' விளையாட்டில், நகரத் தெருக்களில் திரியும் வேற்றுக்கிரக உயிர்களைத் துரத்திப் பயனில்லை. வழியில் குழி வெட்டி, அவை விழுந்ததும் மேலேறுமுன் மண்ணால் மூடவேண்டும்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்து வயல்களில் எலி பிடிக்கும் இருளரிடமும் இக்கணக்கையே கண்டேன். வரப்பெலியின் வளை பல கிளைகளாகப் பிரியும். தப்பியோட வேறு வாயில்களும் உண்டு. அவர்கள் அவற்றைத் தேடி அடைத்த பிறகே, எஞ்சிய வாயிலில் பானைப் புகையை ஊதுவர். ஒரு வாயில் விடுபட்டால் உழைப்பெல்லாம் வீண். நஞ்சு வைத்தால், செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் மடியக்கூடும். இம்முறையில் அந்தக் கேடில்லை, எலி பதுக்கிய நெல்லும் கிட்டும்.

இவ்வளவு நுட்பத்தை, 'எலி பிடிக்கும் தொழில்தானே' என்று நாம் ஒதுக்குவது முறையோ, நண்பர்களே?