தேங்காய் நீரில் வளரும் ஆர்க்கிட்

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டார ஆலயங்களில் அம்பாளுக்குச் சாத்தும் மாலைகளில் மல்லிகை, சாமந்தியோடு ஊதா நிற ஆர்க்கிட் மலர்களும் இடம்பெறுகின்றன. "இந்தச் செடியைப் போத்தலுக்குள் எப்படி வளர்க்கிறார்கள்?" என்று அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. தாவரவியல் பயின்றவன் என்ற முறையில் அதனை எளிமையாக விளக்க விழைகிறேன்.

நெல்லுக்கும் தென்னைக்கும், முளை வளரத் தேவையான உணவை விதைக்குள்ளேயே இயற்கை வைத்து அனுப்புகிறது. ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சோறு கிடையாது. ஒரே காயில் தூசி போன்ற விதைகள் இலட்சக்கணக்கில் இருக்கலாம். ஆயினும், காட்டில் ஒருவகைப் பூஞ்சணம் உணவூட்டினால்தான் அவை முளைக்கும். பிழைப்பவை மிகச் சிலவே.

1922-இல் அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த ஊட்டக்கூழில் பூஞ்சணத்தின் துணையின்றியே இவ்விதைகளை முளைக்கச் செய்தார். 1920களின் இறுதியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ஹோல்ட்டம் அவர்கள் இம்முறையைக் கையாண்டு கலப்பின ஆர்க்கிட்களை வளர்த்தார். பின்னர் 1941-இல் வான் ஓவர்பீக் குழுவினர், ஊமத்தை இனத்தின் இளங்கருவை வளர்க்கத் தேங்காய் நீர் உதவுவதைக் கண்டனர். அதன்பின் ஆர்க்கிட் வளர்ப்பிலும் தேங்காய் நீர் நிலையான இடம் பெற்றது.

தேங்காய் நீரில் சர்க்கரை, அமினோ அமிலங்கள், தாதுக்கள் ஆகியவற்றோடு, செல்களைப் பெருகத் தூண்டும் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருளும் உண்டு. ஒரு லிட்டர் கூழுக்கு 100 முதல் 150 மில்லிலிட்டர் வரை சேர்ப்பது வழக்கம். முளைத்த நாற்றுகள் வேரும் இலையும் விட்டு வளரும் பருவத்தில் வாழைப்பழ மசியல் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை சேர்ப்பர். உருளைக்கிழங்கு மசியலும் பயன்படும். கூழை இறுகச் செய்வது நம் வீடுகளில் இனிப்புச் செய்யும் அதே அகார் அகார்தான்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அளவு மிகுந்தால் நன்மை தீமையாகும். ஓர் இனத்திற்கு ஏற்றது மற்றோர் இனத்தின் வளர்ச்சியைத் தடுக்கலாம். மேலும், இனிப்புள்ள கூழ் கிருமிகளுக்கும் விருந்து. ஆகவே அழுத்தக் கலனில் 121 பாகை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடங்கள் வரை வைத்து அதனைத் தூய்மை செய்தல் இன்றியமையாதது. சந்நிதியில் உடைத்துச் சிந்திய நீர் இதற்கு உதவாது. முழுக்காயிலிருந்து புதிதாக எடுத்து வடிகட்டிய நீரே வேண்டும்.

நாற்று போத்தலை விட்டு வெளிவர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பூக்க மேலும் சில ஆண்டுகள் பிடிக்கும். இவ்வளவு காத்திருப்பானேன், ஜெராய் மலையில் பிடுங்கி வரலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அங்கே ஒரு செடியைப் பிடுங்கினால், பல இலட்சம் விதைகளில் தப்பிப் பிழைத்த ஒன்றை அழித்தவர்களாவோம். ஆகவே ஆலயத்திற்கு ஆர்க்கிட் செடி வழங்க விரும்பும் அன்பர்கள், அது நாற்றுப்பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.