அம்மாவின் அஞ்சலட்டைகள்

உங்களுக்குத் தெரியுமா?

சென்னை அருகே ஒரகடத்தில் ஜெர்மன் நிறுவன லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேறொரு ஜெர்மன்–இந்தியக் கதையும் உண்டு. அனிதா தேசாய் 1988-இல் எழுதிய ஆங்கில நாவல் ‘பாம்கார்ட்னர்ஸ் பாம்பே’. நாஜிகளுக்குத் தப்பி பெர்லினிலிருந்து இந்தியா வருகிறார் ஹ்யூகோ பாம்கார்ட்னர் என்ற யூதர். அம்மா அங்கேயே தங்கிவிடுகிறார். இங்கோ, ‘எதிரி நாட்டு ஜெர்மன்காரர்’ என்று ஆங்கிலேய அரசு ஹ்யூகோவை ஆறு ஆண்டுகள் முகாமில் அடைக்கிறது. எவ்வளவு பெரிய கொடுமை! அம்மாவின் அஞ்சலட்டைகளில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு மேல் அதிகம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஓர் எண் முத்திரை. பிறகு அவையும் நின்றுபோகின்றன. ஓட்டல்களில் மீந்ததை வாங்கிவந்து பூனைகளுக்குப் போட்டபடி, தான் மட்டும் பிழைத்த குற்றவுணர்வோடு பம்பாயில் கிழவராகிறார் ஹ்யூகோ. தேசாயின் தாயும் ஜெர்மானியர். சிறுவயதில் வீட்டில் பேசியது ஜெர்மன்.