கூரை மடங்கும் ஸ்கைலைனர்

பழைய அமெரிக்க கன்வெர்ட்டிபிள் கார் என்றால் பளபளக்கும் குரோமியத்தையும் இரட்டை வண்ணப் பெயின்ட்டையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1957ஆம் ஆண்டு ஃபோர்டு ஸ்கைலைனரை அப்படிப் பார்த்தால் நஷ்டம் நமக்குத்தான். அந்தக் காரின் அழகு அதன் ஒயர்களில் இருக்கிறது.

அன்றைய கன்வெர்ட்டிபிள்களுக்கெல்லாம் துணிக்கூரைதான். வேகமெடுத்தால் படபடக்கும், நாளாக ஆக ஒழுகும், கிழியும். இரும்புக் கூரையையே டிக்கிக்குள் இறக்கிவிடும் வித்தையை பிரான்சில் பெஷோ நிறுவனம் 1930களிலேயே செய்து காட்டியிருந்தது. ஆனால், அதைப் பல ஆயிரக்கணக்கில் தயாரித்து நடுத்தர வர்க்கத்துக்கு விற்கத் துணிந்தது ஃபோர்டுதான். காண்டினென்டல் மார்க் 2 என்ற சொகுசுக் காருக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, அங்கே கைகூடாமல் ஃபேர்லேன் 500 வரிசைக்கு வந்து சேர்ந்தது.

சுவிட்சை அழுத்தியதும் டிக்கி மூடி, வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கக் கீலில் நிமிர்கிறது. கூரையைப் பிடித்திருக்கும் பூட்டுகள் விடுபடுகின்றன. கூரை மேலெழுந்து பின்னால் நகர, அதன் முன்விளிம்பு மட்டும் தனியாக மடிந்துகொள்கிறது. இல்லையென்றால் டிக்கிக்குள் அடங்காது. கூரை உள்ளே இறங்கியதும் மூடி சாத்திக்கொள்கிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

கம்ப்யூட்டர் கிடையாது, ஹைட்ராலிக்ஸும் கிடையாது. மின் மோட்டார்கள், ரிலேக்கள், சுமார் 600 அடி ஒயர், அவ்வளவுதான். ஒரு வேலை முடிந்தால் அங்கிருக்கும் லிமிட் சுவிட்ச் தட்டப்படும். அதுதான் அடுத்த மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். தொடர் ஓட்டத்தில் கட்டை கைமாறுவதுபோல. நடுவில் ஒரு சுவிட்ச் சொதப்பினாலும் கூரை அந்தரத்தில் நின்றுவிடும்.

இதைப் புதுப்பிப்பவர்களின் பொறுமையை அதனால்தான் வியக்கிறேன். அறுபது எழுபது வருடப் பழைய ஒயரின் உறை தொட்டாலே உதிரும். சுவிட்சின் உள்முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொன்றையும் கழற்றி, தேய்த்து, அதே வண்ண ஒயரை அதே பாதையில் இழுத்து, கூரையின் இரண்டு பக்கமும் ஒரே சீராக ஏறி இறங்கும்வரை சரிபார்க்க வேண்டும். பெயின்ட் வேலையில் கிடைக்கும் பாராட்டு இதற்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய வேலை.

வியாபாரத்தில் ஸ்கைலைனர் நிலைக்கவில்லை. விலை அதிகம்; கூரையை இறக்கிவிட்டால் பெட்டி வைக்க, டிக்கியின் நடுவே சிறு தொட்டி அளவு இடம்தான். மூன்று ஆண்டுகளில் 48,394 கார்களோடு, 1959இல் தயாரிப்பு நின்றது. 1996இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. வந்த பிறகுதான் மடங்கும் இரும்புக் கூரை உலகெங்கும் பரவியது.

கார் கண்காட்சியில் எங்காவது ஸ்கைலைனரைப் பார்த்தால், கூரையை இறக்கிக் காட்டும்படி உரிமையாளரைக் கேளுங்கள். அவர் தயங்காமல் சுவிட்சை அழுத்தினால், அந்தக் காரை முழுமையாகப் புதுப்பித்திருக்கிறார் என்று நம்பலாம்.