உங்கள் காணிக்கைக்கு யார் கணக்குக் கொடுப்பது?



"ஐயா, நான் கொடுத்த பணம் எங்கே போகிறது?" என்று யாராவது கேட்டால், அதை அவநம்பிக்கை என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. அது நல்ல கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த தருமப் பணத்தைப் பவுல் அப்போஸ்தலன் தாம் ஒருவராகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். பெரிய தொகையைக் கையாளும்போது ஒருவரும் குறைசொல்ல இடம் இருக்கலாகாது என்று அவர் கருதினார். வெளிநாட்டுச் சபைகளின் உதவியோடு கிராமங்களில் வேலை செய்யும் சிறிய அறநிறுவனங்களுக்கும் இதுவே அஸ்திபாரம். அந்த ஒழுங்கு நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று இங்கே விளக்குகிறோம்.

இரண்டு குழுக்கள்

இப்படிப்பட்ட நிறுவனத்துக்குப் பெரும்பாலும் இரண்டு நிர்வாகக் குழுக்கள் இருக்கும். ஒன்று, பணம் சேரும் நாட்டில். மற்றொன்று, வேலை நடக்கும் நாட்டில்.

இங்கிலாந்தில் அறங்காவலர்கள் பொதுவாகச் சம்பளம் வாங்குவதில்லை. தம் உறவினருக்கு வேலையோ ஒப்பந்தமோ கொடுப்பதுபற்றிப் பேச்சு வந்தால், அந்த அறங்காவலர் அதை முன்னதாகவே தெரிவித்து, முடிவெடுக்கும்போது விலகியிருக்கவேண்டும். கிணறு வெட்டுவதற்கென்று கேட்டு வாங்கிய பணத்தை ஜீப் பழுதுபார்க்க எடுக்கக் கூடாது. அதற்குத் தனிக் கணக்கு வைக்கவேண்டும். பதிவுபெற்ற நிறுவனங்களின் விவரங்களை அந்நாட்டு அறநிலைய ஆணையத்தின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம்.

இந்தியச் சட்டம் சொல்வது

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை பெற, 2010ஆம் ஆண்டின் அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். 2020 செப்டம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி பணம் முதலில் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளைக் கணக்குக்கே வரவேண்டும். நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை இடமிருந்தது; இப்போது 20 சதவீதந்தான். ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் இதில் சேராது. அலுவலக வாடகை, அலுவலக ஊழியர் சம்பளம் போன்றவை சேரும்.

பெற்ற பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுப்பதும் இப்போது கூடாது. முன்பெல்லாம் ஒரு பெரிய நிறுவனம் தொகையை வாங்கி, பல சிறிய குழுக்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, கணக்கையும் சரிபார்க்கும். இன்று வெளிநாட்டு உதவி பெற விரும்பும் ஒவ்வொரு சிறிய குழுவும் சொந்தமாகப் பதிவு, டெல்லிக் கணக்கு, தணிக்கை, வருடாந்தரப் படிவம் எல்லாம் வைத்திருக்கவேண்டும். ஒரே ஒரு எழுத்தரை வைத்துக்கொண்டு நடத்துகிறவர்களுக்கு இது பாரமான சுமை. "அலுவலகத்துக்கு ஒரு பைசாவும் போகக் கூடாது" என்று அன்போடு சொல்லும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். உங்கள் பணத்தைக் காத்துக் கணக்கெழுதுகிறவரும் அந்த அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

யாருடைய தீர்மானம்?

கணக்குச் சரியாயிருந்தால் மட்டும் போதுமா? தேவை இன்னதென்று தீர்மானிப்பது யார் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. இதற்கு ஜாம்கெட் நல்ல பாடம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் அவர் மனைவி டாக்டர் மேபெல் ஆரோலேயும், 1970இல் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்டத்திலுள்ள ஜாம்கெட்டில் கிராம சுகாதாரப் பணியைத் தொடங்கினார்கள். மருத்துவம் செய்ய வந்த அவர்களிடம், பஞ்சத்தில் வாடிய கிராமத்தார் முதலில் கேட்டது தண்ணீரும் சாப்பாடும். டாக்டர்கள் அதற்குச் செவிகொடுத்தார்கள். குழந்தைகளுக்குச் சமையல் கூடங்கள் வந்தன, கிணறுகள் வந்தன. தலித் மக்கள் குடியிருப்புகளிலேயே கைப்பம்புகள் அமைக்கப்பட்டதால், மற்றச் சாதியார் தண்ணீருக்காக அங்கே வந்து நிற்கவேண்டியதாயிற்று.

முதலில் பயிற்சி பெற்ற நர்சுகளை அனுப்பிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. பிறகு கிராமத்தாரே தெரிந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள். பிரசவம் பார்ப்பதும் குழந்தையின் எடையைப் பார்ப்பதும் அவர்கள் கையில் வந்தது. 1971இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் முதல் பிறந்தநாளுக்கு முன்னே இறந்தன. 1990களில் அந்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கியது. தூரதேசத்தில் கூடிய ஒரு குழு மட்டும் தீர்மானித்திருந்தால், ஒரு மருந்தகம் கட்டப்பட்டிருக்கும். அந்தப் பெண்களை யாரும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள்.

மேபெல் அம்மையார் 1999இலும், அவர் கணவர் 2011இலும் காலமானார்கள். வேலை அவர்களோடு நின்றுவிடவில்லை. ஸ்தாபகர் போனபிறகும் நிலைத்திருப்பதே நல்ல நிர்வாகத்துக்குக் கடைசிப் பரீட்சை.

நீங்கள் கேட்கவேண்டியவை

எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவீர்களா? நிர்வாகக் குழுவில் ஒரே குடும்பத்தார் எத்தனை பேர்? உதவி பெறும் மக்களின் பேச்சு குழுவுக்கு எட்டுவது எப்படி? தலைவர் இல்லாத நாளில் வேலையை யார் நடத்துவார்?

நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்காகக் கோபப்படாது. பதில் சொல்லமுடியாத இடத்தில் தைரியமாய், "இதை இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்லும். அப்படிச் சொல்கிறவர்களை நம்பிக் கொடுக்கலாம். அடுத்த வருஷமும் மறவாமல் கேட்கலாம்.