110 பெரிதா, 90 பெரிதா?

மாணவ நண்பர்களே, தலைப்பைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதற்கு விடை சொல்லிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வீடியோ விளையாட்டில் இதே கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்பவர்கள், வெல்ல வேண்டிய ஆட்டத்தைத் தோற்றுவிட்டு விழிப்பதுண்டு.

அந்த விளையாட்டின் பெயர் போக்கிமான். கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சதோஷி தஜிரி. இரண்டு விந்தை விலங்குகள் எதிரெதிரே நின்று மாறி மாறித் தாக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை உயிர்ப்புள்ளிகள் என்று ஓர் எண் உண்டு. அடி விழ விழ அந்த எண் குறைந்துகொண்டே வரும். பூச்சியம் ஆனால் விலங்கு மயங்கி விழும். பொத்தானை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் பயனில்லை. எந்தத் தாக்குதலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வெற்றி தோல்வி அமையும்.

பிக்காச்சு என்னும் மஞ்சள் நிற விலங்கை உங்களில் பலர் அறிவீர்கள். அதற்கு இரண்டு மின்சாரத் தாக்குதல்கள் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தண்டர்போல்ட், வலு 90, குறி தவறுவதில்லை. மற்றொன்று தண்டர், வலு 110, ஆனால் நூற்றுக்கு எழுபது முறைதான் குறியில் படும். (முதல் பதிப்புகளில் இந்த வலு 95, 120 என்று இருந்தது. 2013-இல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில்தான் குறைத்தார்கள்.)

வலு என்பது வேறு, விழும் அடி என்பது வேறு. அடியைக் கருவி எவ்வாறு கணக்கிடுகிறது என்று பார்ப்போம். தாக்கும் விலங்கின் நிலை 50 என்க. நிலையை 2-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 2-ஐக் கூட்டினால் 22 வரும். இதைத் தாக்குதலின் வலுவால் பெருக்க வேண்டும். பிறகு தாக்குபவரின் திறனால் பெருக்கி, தடுப்பவரின் திறனால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் இரு திறன்களும் சமம் என்று கொண்டால் இந்தப் படி தானே கழிந்துவிடும். அடுத்து 50-ஆல் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டு, 2-ஐக் கூட்ட வேண்டும். தண்டர்போல்ட்டுக்கு 22 × 90 = 1980; 50-ஆல் வகுத்தால் 39.6, பின்னம் போக 39, இரண்டைக் கூட்ட 41. இதே வழியில் தண்டருக்கு 50 வரும்.

கதை இத்துடன் முடியவில்லை. ஒவ்வோர் அடியும் இந்த எண்ணில் 85 முதல் 100 விழுக்காடு வரை ஏதோ ஓர் அளவில் விழும். எந்த அளவு என்பதைக் கருவி குலுக்கிப் போட்டு எடுக்கிறது. மின்சார விலங்கே மின்சாரத் தாக்குதலை ஏவினால் ஒன்றரை மடங்கு சேரும். அப்போதும் பின்னங்களைத் தள்ளிவிடுகிறார்கள். கடைசியில் தண்டர்போல்ட் 51 முதல் 61 வரையிலும், தண்டர் 63 முதல் 75 வரையிலும் அடிக்கும். (எதிரி நீர் வகையானால் இரு மடங்கு. நீரும் பறவையுமாகிய கியாரடாஸுக்கு 2 × 2 = 4 மடங்கு. நீரும் நிலமுமாகிய ஸ்வாம்பர்ட்டுக்கு 2 × 0. விடையை நான் சொல்ல வேண்டியதில்லை!)

இப்பொழுது சராசரி காண்போம். தண்டர்போல்ட்டின் சராசரி அடி ஏறத்தாழ 56. தண்டரின் சராசரி 69. ஆனால் பத்தில் மூன்று முறை அடி வீணாகும். ஆகவே 69 × 0.7, அதாவது ஏறத்தாழ 48. தொண்ணூறு வென்றுவிட்டது!

பலர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். என் கருத்தில் சுவையான கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது சராசரி அன்று. எதிரியின் புள்ளிகள் தீர வேண்டும், அதுவும் நம் விலங்கு விழுவதற்கு முன்பே தீர வேண்டும்.

எதிரியிடம் 50 புள்ளிகள் எஞ்சியிருந்தால் ஐயமே இல்லை. தண்டர்போல்ட்டின் மிகக் குறைந்த அடியே 51. இங்கே தண்டரை ஏவுபவர், கைக்கு வந்த வெற்றியைப் பந்தயத்தில் வைப்பவர். சரி, 62 புள்ளிகள் இருந்தால்? தண்டர்போல்ட் எவ்வளவு முயன்றாலும் 61-தான். அடுத்த அடியில் உங்கள் பிக்காச்சு விழுந்துவிடும் என்று தெரிந்தால், தண்டர்போல்ட்டால் வெல்லும் வாய்ப்பு பூச்சியம். தண்டரால் நூற்றுக்கு 70. பன்னிரண்டு புள்ளிகள் கூடியதால் விடை தலைகீழாக மாறிவிட்டது, பார்த்தீர்களா?

123 புள்ளிகளுக்கு வாருங்கள். தண்டர்போல்ட் இரண்டு முறை பட்டாலும் 122-க்கு மேல் போகாது. மூன்று முறை வேண்டும். தண்டர் இரண்டு முறை பட்டால் குறைந்தது 126, அதுவே போதும். உங்களுக்கு இரண்டே வாய்ப்புகள் இருந்தால் இரண்டும் குறியில் பட வேண்டும்: 0.7 × 0.7 = 0.49. பாதிக்கும் சற்றுக் குறைவுதான். ஆனாலும் பூச்சியத்தைவிட எவ்வளவோ மேல். மூன்று வாய்ப்புகள் இருந்தால்? தண்டரில் மூன்றும் படுவது 0.343, சரியாக இரண்டு மட்டும் படுவது 3 × 0.49 × 0.3 = 0.441, கூட்டினால் 0.784. தண்டர்போல்ட்டோ மூன்று முறையில் 153-க்குக் குறையாது. வெற்றி உறுதி.

எப்போதாவது ஓர் அடி ஒன்றரை மடங்காகப் பலமாக விழுவதும் உண்டு. கணக்கு எளிதாக இருப்பதற்காக அதை விட்டுவிட்டேன்.

'குறி தவறுவதில்லை' என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1996-இன் பதிப்புகளில் கருவி 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். அது 255-ஐவிடச் சிறியதாக இருந்தால்தான் அடி படும். சரியாக 255 வந்துவிட்டால்? நூற்றுக்கு நூறு என்று சொல்லப்பட்ட தாக்குதலும் தவறிவிடும்! 256-இல் ஒரு முறை ஏற்பட்ட இந்தப் பிழைக்குக் காரணம், 'சிறியது' என்பதற்கும் 'சிறியது அல்லது சமம்' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு. எதிரியிடம் 180 புள்ளிகள். உங்களுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு என்றால் எதை ஏவுவீர்கள்? மூன்றே வாய்ப்புகள் என்றால்? தண்டர் நான்கில் குறைந்தது மூன்று முறை படுவதன் நிகழ்தகவு 0.65-க்குச் சற்றே மேல் வந்தால் உங்கள் வழி சரி. மழை பெய்யும்போது தண்டர் குறி தவறுவதே இல்லை; அப்போது இந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்.