கட்டமும் காயும் – 9: தெருவுக்கு விலை போட்டவர்கள்

1935-ஆம் ஆண்டின் கடைசியில் மோனோபொலியை இங்கிலாந்தில் விற்கும் உரிமை வாடிங்டன்ஸ் கைக்கு வந்தது. லீட்ஸ் நகரத்தில் சீட்டுக்கட்டு அச்சடித்துவந்த கம்பெனி அது. அமெரிக்க அட்டையில் இருந்தவை எல்லாம் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரின் தெருக்கள். பார்த்தறியாத அந்தத் தெருக்களை இங்கிலாந்துக்காரர்கள் எதற்காக ஆசையோடு வாங்கப்போகிறார்கள்? கம்பெனித் தலைவர் விக்டர் வாட்சன், செயலாளர் மார்ஜரி பிலிப்ஸை அழைத்துக்கொண்டு லண்டனுக்குப் போனார். ஊரைச் சுற்றிப் பார்த்துத் தெருக்களைப் பொறுக்கினார்கள்.

பொறுக்கியவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பது அட்டையிலேயே தெரியும். கிங்ஸ் கிராஸ், மேரிலபோன், ஃபென்சர்ச் ஸ்ட்ரீட், லிவர்பூல் ஸ்ட்ரீட் ஆகிய நான்கு ரயில் நிலையங்களும் அப்போது எல்.என்.இ.ஆர். என்ற ஒரே ரயில் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தன. லீட்ஸிலிருந்து கிங்ஸ் கிராஸுக்கு வந்த ரயிலும் அந்தக் கம்பெனியுடையதுதான். விக்டோரியாவும் வாட்டர்லூவும் விட்டுப்போயின. தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்து ஒரே ஒரு தெரு, ஓல்ட் கென்ட் ரோடு. அதுவும் அடிமட்ட விலையில். ‘தி ஏஞ்சல், இஸ்லிங்டன்’ தெருவே இல்லை, ஒரு கட்டடம். அங்கே அப்போது லயன்ஸ் உணவகம் நடந்தது. இருவரும் தேநீர் குடிக்க உட்கார்ந்த இடம் அப்படியே அட்டையில் ஏறிவிட்டது என்பார்கள். 2003-இல் வாட்சனின் பேரன் அங்கே ஒரு நினைவுப் பலகையைத் திறந்துவைத்தார்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஓர் இடத்தில் நல்ல கைவேலை இருக்கிறது. ஆரஞ்சு நிறத்து மூன்று தெருக்களைப் பாருங்கள். போ ஸ்ட்ரீட்டில் அப்போது புகழ்பெற்ற நீதிமன்றம் இருந்தது. மார்ல்பரோ ஸ்ட்ரீட்டில் இன்னொரு நீதிமன்றம். வைன் ஸ்ட்ரீட்டில் காவல் நிலையம் இருந்தது. வைன் ஸ்ட்ரீட் பிக்காடிலிக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்து, லண்டன்வாசிகளே பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றும் சிறைக் கட்டத்திலிருந்து 6, 8, 9 கட்டம் தள்ளி இருக்கின்றன. அபராதம் கட்டிச் சிறையிலிருந்து வெளியே வருகிறவர் இரண்டு பகடையை உருட்டினால், விழக்கூடிய 36 விதங்களில் 14 அவரை இந்த மூன்று தெருக்களில் ஒன்றில்தான் கொண்டுபோய் விடும். விடுதலையானவனைத் திரும்பவும் போலீஸ் வாசலுக்கே அனுப்பும் இந்தக் குறும்பு திட்டமா, தற்செயலா? திட்டம் என்று நம்பத்தான் எனக்கு விருப்பம்.

மற்றபடி அமெரிக்க அட்டையின் விலைகளை அவர்கள் தொடவே இல்லை. மலிவான கட்டம் 60 டாலர் என்றால் இங்கே 60 பவுண்டு. கடைசிக் கட்டம் அங்கே 400, இங்கேயும் 400. அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஐந்து டாலர்! லண்டன் தெருக்கள் வந்து உட்கார்ந்தவை ஏற்கெனவே யாரோ விலை எழுதி வைத்திருந்த கட்டங்கள்.

அந்த யாரோ யார்? இங்கேதான் அட்லாண்டிக் சிட்டிக்குப் போக வேண்டும்.

மோனோபொலிக்கு முன்னோடி, சென்ற வாரம் பார்த்த லிஸி மகியின் 1904-ஆம் ஆண்டு ஆட்டம். அது கையால் வரைந்த பிரதிகளாக ஊர் ஊராகப் போனது. போன இடத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் தெருப்பெயர்களை எழுதிக்கொண்டார்கள். 1930 வாக்கில் அது அட்லாண்டிக் சிட்டியில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர்கள் வட்டத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் ரூத் ஹாஸ்கின்ஸ் என்ற பள்ளி ஆசிரியை. நகரைச் சுற்றிப் பார்த்துத் தெருப் பொறுக்கும் தேவை அவர்களுக்கு இல்லை. தினமும் நடக்கும் தெருக்கள்தானே. அந்த வட்டத்தைச் சேர்ந்த ஹார்வி தம்பதி குடியிருந்தது பென்சில்வேனியா அவென்யூ. நண்பர்கள் ஜோன்ஸ் வீடு பார்க் பிளேஸ். ஹார்வி வீட்டில் வேலை பார்த்த பெண் இருந்தது பால்டிக் அவென்யூ, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி.

அதுவரை ஆட்டத்தில் மனையை ஏலம் விட்டு எடுப்பது வழக்கம். குவேக்கர்கள் அமைதியை விரும்புகிறவர்கள், ஏலக் கூச்சல் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அதனால் கட்டத்திலேயே விலையை எழுதிவிட்டார்கள். அதைச் செய்த ஜெஸ்ஸி ரெய்ஃபோர்டு வீடு மனைத் தரகர், ஊர் நிலவரம் விரல்நுனியில். ஆக, பென்சில்வேனியா அவென்யூவுக்கு 320, பால்டிக் அவென்யூவுக்கு 60. மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யாரும் இதை விசித்திரமாக நினைத்திருக்க மாட்டார்கள். தெருவில் நடக்கும்போது கண்ணில் படாத ஒன்று அட்டையில் மட்டும் பளிச்சென்று தெரிகிறது: முதலாளியம்மா வீட்டுக்கும் வேலைக்காரப் பெண் வீட்டுக்கும் நடுவே எத்தனை டாலர் என்பது. காலால் நடந்த வரிசை அட்டைக்கு வரவில்லை. மலிவிலிருந்து உசத்திக்குப் போகும் விலை வரிசைதான் வந்தது.

நம் வீடுகளில் ‘பிசினஸ்’, ‘டிரேடு’ என்று ஆடிய அட்டைகளில் பம்பாய், கல்கத்தா என்று முழு ஊர்களே கட்டங்களாக இருந்தன. ஒரு ஊரை மொத்தமாக வாங்குகிறவனுக்கு அண்டை வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வராது. அந்த விதத்தில் நம் அட்டைகள் கொஞ்சம் சப்பைதான்.

ஹார்வி வட்டத்திலிருந்து ஆட்டம் சார்லஸ் டாட் என்பவருக்குப் போயிற்று. அவர் படியெடுக்கும்போது மார்வென் கார்டன்ஸ் என்ற குடியிருப்பை மார்வின் கார்டன்ஸ் என்று எழுதிவிட்டார். அவரிடம் கற்றுக்கொண்ட சார்லஸ் டாரோ அந்தப் பிழையையும் சேர்த்தே நகலெடுத்து, தன் கண்டுபிடிப்பு என்று பார்க்கர் பிரதர்ஸுக்கு விற்றார். பிழைக்காகக் கம்பெனி அந்தக் குடியிருப்பு மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 1995-இல்.

டாரோவின் தனி மூளை என்றே பல பத்தாண்டுகள் உலகம் நம்பியது. அதை உடைத்தவர் சான் பிரான்சிஸ்கோவின் பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் அன்ஸ்பாக். ‘ஆன்டி-மோனோபொலி’ என்று சொந்தமாக ஓர் ஆட்டம் வெளியிட்டு வழக்கில் மாட்டிக்கொண்ட அவர், வயதாகிவிட்டிருந்த அந்த அட்லாண்டிக் சிட்டி ஆட்டக்காரர்களைத் தேடிப் புறப்பட்ட கதை அடுத்த வாரம்.