உழவியந்திரத்தின் ஆண்டுப் பரிசோதனை: பொறுப்பு யாருடையது?

கமக்காரரே,

பெரும்போக அறுவடை தொடங்கியதும் நெடுங்கேணிப் பகுதியின் வீதிகளில் உழவியந்திரங்களின் நடமாட்டம் பெருகுகின்றது. வயலிலிருந்து வீட்டுக்கும், அங்கிருந்து புளியங்குளம் வழியாக வவுனியாவுக்கும் நெல்லும் மரக்கறியும் பெட்டிகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. மூட்டைகளின் மேல் ஆட்களும் ஏறி அமர்வதுண்டு. அவ்வண்டி வீதியில் ஓடத் தகுந்ததா என்று பார்ப்பவர் யார்? இதனை நீங்கள் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இதற்கு அடிப்படையாகும். அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஆணையாளர் நாயகத்துக்கு உரியது. லொறி, பேருந்து போன்றவை ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெறல் வேண்டும். இச்சோதனையைச் செய்து சான்றிதழ் வழங்குபவை, திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற கராஜ்களே. விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதித்து அறிக்கை தருபவர் திணைக்களத்தின் மோட்டார் வாகனப் பரிசோதகர் ஆவார். பழுதான வண்டியை வீதியில் மறிக்கும் அதிகாரம் பொலிசாருக்கு உண்டு.

புகைப் பரிசோதனை இதனின்று வேறானது. அது 2008ஆம் ஆண்டில் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அரசின் அனுமதி பெற்ற தனியார் நிலையங்கள் அதனை நடத்துகின்றன. அங்கு பார்க்கப்படுவது புகை மட்டுமே. புகைச் சான்றிதழ் கையில் இருப்பதால் பிரேக்கு நன்றாக உள்ளது என்று எண்ணுதல் தவறாகும்.

ஆண்டு வருமான அனுமதிப்பத்திரத்தைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் நெடுங்கேணியிலேயே அமைந்துள்ளது. உங்கள் வண்டியின் வகைக்கு எந்தெந்தச் சான்றிதழ்கள் வேண்டும் என்பதை, பத்திரம் முடிவடையும் முன்னரே அங்கு கேட்டறிந்து கொள்ளுங்கள்.

எனினும், எந்தச் சான்றிதழும் சோதனை நடந்த நாளின் நிலையையே காட்டும். அறுவடையின் நடுவே பெட்டியின் இணைப்பாணி தேய்ந்துபோனால், அதனைக் காணக்கூடியவர் நீங்கள் ஒருவரே. பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டில் பத்தாண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு ஆண்டுப் பரிசோதனை தொடங்கியபோது, பிரேக்கு, விளக்கு, சுக்கான் ஆகிய மூன்றுமே சோதிக்கப்பட்டன. நீங்களும் ஒவ்வொரு நாட் காலையிலும் இம்மூன்றையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பிரேக்கு: நாலு சில்லு உழவியந்திரத்தில் இடப்புறச் சில்லுக்கும் வலப்புறச் சில்லுக்கும் தனித்தனி மிதிகள் உள்ளன. வயலில் திரும்புவதற்கு இவை உதவும். வீதியிலோ, ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுத்துப் புரளக்கூடும். ஆகவே வயலை விட்டு ஏறியதும் இரு மிதிகளையும் கொளுவியால் இணைத்து விடுக. பெட்டிக்குப் பிரேக்கு இல்லையெனில், அதன் பாரம் முழுவதும் இயந்திரத்தைப் பின்னின்று தள்ளும். ஆதலால் பாரத்தைக் குறைத்து மெதுவாகச் செல்க.

விளக்கு: அந்தி மயங்கிய பின் விளக்கில்லாத பெட்டி, பின்னால் வருபவர் கண்ணுக்குப் புலப்படாது. பெட்டியின் பின்புறம் இருபக்கமும் சிவப்பு ஒளிதெறிப்பான்களைப் பொருத்துக. வைக்கோலோ சேறோ அவற்றை மறைக்காதிருத்தல் வேண்டும்.

சுக்கான்: சுக்கானைச் சுற்றியும் சில்லு உடனே திரும்பாவிடின் அதனைத் திருத்தாது வீதியில் ஏறாதீர்கள். இரு சில்லு உழவியந்திரத்தில் குளக்கட்டுச் சரிவில் இறங்கும்போது, ஒருபுறக் கிளச்சை அழுத்தினால் வண்டி மறுபுறம் திரும்பிவிடும். இதனை அறியாதவர் கட்டின் கீழே விழ நேரிடும். சரிவில் கிளச்சைத் தொடாமல், குறைந்த கியரில், கைப்பிடியைக் கொண்டே திருப்புக.

இத்துடன் சில்லு நட்டுகளையும், இணைப்பாணி கழராது காக்கும் பூட்டுக் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள இணைப்புச் சட்டத்தில் பிள்ளைகளை அமரவோ நிற்கவோ விடாதீர்கள். அங்கிருந்து தவறினால் பெட்டியின் சில்லின் கீழேயே விழ நேரும்.

இவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பவர் பிறர். நாள்தோறும் பரிசோதிக்க வேண்டியவர் நீங்களே.